இரண்டடக்கோம்

அதிகாலை நாலரைக்குத் தியானத்தில் உட்கார்ந்தவர் ஐந்து மணிக்கு நெளியத் தொடங்குகிறார். சிறுநீர் முட்டுகிறது. எழுந்தால் கலைந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மீதி அரை மணி நேரமும் அவர் தியானித்தது தன் சிறுநீர்ப்பையைத்தான். அதே மனிதர் ஏழு மணிக்கு, காபி ஆறிப்போச்சு என்று வீட்டையே இரண்டாக்குகிறார்.

விட வேண்டியதை அடக்கி, அடக்க வேண்டியதை விடுவது என்பது இதுதான். நம் வைத்திய நூல்கள் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

சித்த மருத்துவத்தில் ‘வேகம்’ என்றால் விரைவு இல்லை, உடம்பு தானாக எழுப்பும் உந்துதல். பதினான்கு சொல்வார்கள்: அபான வாயு (கீழே பிரியும் காற்று), தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம் (விந்து), மூச்சு. வாக்படர் எழுதிய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில் பதின்மூன்றுதான். இளைப்பையும் அதனால் வாங்கும் மூச்சையும் அவர் ஒன்றாக வைத்துவிடுகிறார். அதே அத்தியாயத்தில், எப்போதும் அடக்க வேண்டிய வேகங்கள் என்று பேராசை, பொறாமை, பகை, பற்று ஆகியவற்றையும் சொல்கிறார். இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான சரகர் கோபத்தையும் சேர்க்கிறார். காபிக்காரருக்கு இது பொருந்தும்.

சித்தர் தேரையர் இன்னும் சுருக்கம். ‘இரண்டடக்கோம், ஒன்றை விடோம்’ என்று முடித்துவிட்டார். இரண்டு என்றால் மலமும் சிறுநீரும். ஒன்று, சுக்கிலம். வேகப் பட்டியலில் சுக்கிலமும் இருக்கிறதே, முரண்பாடு இல்லையா என்று கேட்பார்கள். புறப்பட்டதைத் தடுக்காதே என்பது ஒன்று, வீணாக்காதே என்பது இன்னொன்று. இதை வைத்துப் பயமுறுத்திப் பிழைக்கும் லாட்ஜ் வைத்தியர்களை நம்பாதீர்கள் என்பதோடு நகர்ந்துவிடலாம்.

மலத்துக்கு வருவோம். காலையில் எழுந்ததும் பெருங்குடல் சுறுசுறுப்பாகும். வயிற்றில் ஏதாவது போய் விழுந்தால் அந்த அசைவு இன்னும் கூடும். வெந்நீரோ காபியோ குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு கூப்பிடுவது இதனால்தான். அந்த அழைப்பு சில நிமிடம்தான் நிற்கும். ‘இந்த ஒரு மெசேஜைப் பார்த்துட்டுப் போகலாம்’ என்று தள்ளிப்போட்டால் மலக்குடல் தளர்ந்து இடம் கொடுத்துவிடும், உந்துதல் அடங்கிப்போகும். உள்ளே தங்கியதிலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். நாளைக்கு முக்க வேண்டிவரும். வலிக்கும் என்று மறுபடி தள்ளிப்போடுவார்கள். பழக்கமாகிவிட்டால் மலக்குடல் நிறைய நிரம்பினால்தான் கூப்பிடும். ‘எனக்கு வர்றதே இல்லை’ என்பவர்களில் பலருக்கு வந்துகொண்டுதான் இருந்தது, வருஷக்கணக்கில்.

திரும்பப் பழக்கலாம். எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர். காலை உணவு முடிந்து கால் மணி முதல் அரை மணிக்குள், உந்துதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் ஒரே நேரத்தில் போய் உட்கார வேண்டும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. முக்கக்கூடாது. போன் வெளியே இருக்கட்டும். நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தால் ஆசனவாய் ரத்தக்குழாய்கள் வீங்கி மூலத்தில் கொண்டுபோய் விடும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலடியில் ஆறிலிருந்து ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு முக்காலி போடுங்கள். முட்டி இடுப்பைவிட மேலே வந்து உடம்பு சற்று முன்னால் சாயும்போது, மலக்குடலில் இருக்கும் வளைவு நேராகும். குத்தவைத்து உட்கார்ந்த காலத்தில் இது தானாகவே நடந்தது. வர வேண்டும் என்று இல்லை, உட்கார வேண்டும், அவ்வளவுதான். பழக்கம் ஒட்டச் சில வாரம் ஆகும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வேகத்தை வலிந்து வரவழைக்காதே என்றும் வாக்படர் சொல்கிறார். இரவில் நிலாவாரைச் சூரணம், காலையில் மொத்தமாகக் காலி. குடலே வெறுமையாகிவிட்டால் அடுத்த ஒன்றிரண்டு நாள் உந்துதல் எப்படி வரும்? நிரம்பவே அவகாசம் வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாமல் ‘மறுபடி கட்டிக்கிச்சு’ என்று அன்று இரவே இன்னொரு கரண்டி. மாதக்கணக்கில் இப்படிப் போனால் பொட்டாசியம் குறைந்து கால் தசை சோர்ந்துபோவது வரை போகும்.

சிறுநீரிலும் இதே இரண்டு பக்கம். சாதாரணமாகப் பை 150, 200 மில்லியில் முதல் தகவல் அனுப்பும். 400, 500 வரை தாங்கும். முதல் தகவலுக்கே ஓட வேண்டாம். ஆனால் முட்டும்வரை வைத்திருப்பதும், அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் தொற்றுக்கு வழி. திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நாலைந்து மணி நேரம். வழியில் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டுமே என்று மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். மறுநாள் எரிச்சல். அதைவிட, வழக்கம்போலக் குடித்துவிட்டு, கிளம்பும் முன் ஒருமுறை, பாதி வழியில் முட்டுவதற்கு முன்பே ஒருமுறை என்று வைத்துக்கொள்வது மேல். அதற்கு நேர்மாறு, ‘எதுக்கும் ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்’ கூட்டம். அரை மணிக்கு ஒருமுறை போனால் பை நூறு மில்லிக்கே அலறப் பழகிவிடும். எரிச்சலோ சர்க்கரையோ இல்லை என்று உறுதியானவர்கள், போகும் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக நீட்டி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம்.

தும்மலைப் பற்றி ஒரே விஷயம்: மூக்கைப் பிடித்து வாயையும் மூடி அடக்காதீர்கள். அப்படி அடக்கிய ஒருவருக்குத் தொண்டையின் உட்சுவரே கிழிந்ததை இங்கிலாந்து மருத்துவர்கள் 2018-ல் பதிவு செய்திருக்கிறார்கள். முழங்கை மடிப்புக்குள் வாயைத் திறந்து தும்முங்கள். பஜனை நடுவே என்றாலும் சரி.

இப்போது ஆசனப் பலகைக்கு வருவோம். உட்கார்ந்த இடத்தில் எழும் எல்லாமே வேகமா? இல்லை. மூக்கு நுனியில் அரிப்பு வரும். விபாசனா தியானத்தின் பத்து நாள் வகுப்பில் நான்காம் நாளிலிருந்து, ஒரு மணி நேரம் கண், கை, கால் அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள். அங்கே முதலில் தெரிவது இதுதான்: அரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், சொறியாமல் விட்டால் இறங்கிவிடும். சிறுநீர் அப்படி இறங்காது. போகப் போகக் கூடும். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய சோதனை இல்லை. இரண்டு நிமிடம் பாருங்கள். அலை மாதிரி வந்து போனால் உட்கார்ந்திருங்கள். ஏறிக்கொண்டே போனால் எழுந்து போய்விட்டு வாருங்கள். தியானம் ஓடிவிடாது.

கால் மரத்துப்போவது தனி. சம்மணத்தில் முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அது தரையிலோ மறுகாலிலோ அழுந்தினால் பாதம் மரக்கும். போர்வையை மடித்து நாலு அங்குல உயரத்துக்குப் புட்டத்துக்கடியில் வையுங்கள். முட்டி இடுப்புக்குக் கீழே இறங்கினால் அழுத்தம் குறையும். மரத்த காலோடு சடாரென்று எழக்கூடாது. கணுக்கால் மடங்கி விழுபவர்கள் நிறைய. எழுந்து பத்து நிமிடம் ஆகியும் உணர்வு திரும்பாவிட்டாலோ, பாதம் தரையில் இழுபட்டாலோ, நாற்காலிக்கு மாறிவிடுங்கள், டாக்டரையும் பாருங்கள். முட்டிக்குள்ளே கத்தி குத்துவது போன்ற வலியைப் ‘பொறுத்துக் கடப்பது’ சாதனை இல்லை, குருத்தெலும்புக்குச் செய்யும் கேடு.

உட்கார்ந்த ஐந்தாம் நிமிடமே தலை தொங்கினால், அது தமோகுணம் என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அது தூக்கக்கடன். பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். கண்ணைத் திறங்கள், நின்று பாருங்கள், பத்து நிமிடம் நடங்கள். அப்போதும் சொக்கினால் இருபது நிமிடம் தூங்கிவிட்டு வந்து உட்காருங்கள். பிறகு படுக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள். காபி அந்தக் கடனை அடைக்காது, நோட்டீஸை மறைத்து வைக்கும். அதில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூச்சில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். திருமந்திரக் கணக்கு பதினாறு மாத்திரை பூரகம் (உள்ளே இழுப்பது), அறுபத்து நாலு கும்பகம் (உள்ளே நிறுத்துவது), முப்பத்திரண்டு ரேசகம் (வெளியே விடுவது). ஒரு மாத்திரை கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். புத்தகத்தில் பார்த்துவிட்டு முதல் வாரமே அறுபத்து நாலு எண்ணக் கிளம்புகிறார்கள். நம்மை மூச்சு வாங்கச் சொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதில்லை, கரியமில வாயு ஏறுவது. அது ஏற ஏற முதலில் தொண்டை இறுகும், பிறகு உதரவிதானம் தானாகத் துடிக்கும். அந்தத் துடிப்புக்கு முன்பே விட்டுவிட வேண்டும். கடந்துவிட்டீர்களா என்று அறிய இரண்டு அடையாளங்கள்: ரேசகம் சீராக இறங்காமல் ‘புஸ்’ என்று வெடித்துப் போகும், அடுத்த பூரகத்தை இழுக்காமல் பறிப்பீர்கள். ஒரு சுற்றில் இது நடந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தொடக்கத்தில் கும்பகமே வேண்டாம். நாலு எண்ணி உள்ளே, எட்டு எண்ணி வெளியே. சில வாரம் கழித்து நடுவே நாலு. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தை விட்டுவிடலாம். வேகமாகக் கபாலபாதி (மூச்சை அடுத்தடுத்து வெளியே தள்ளும் பயிற்சி) செய்த கையோடு மூச்சை அடக்குவது இன்னும் ஆபத்து. கரியமில வாயு முன்பே வெளியேறிவிடுவதால் எச்சரிக்கை தாமதமாகும், அதற்குள் மயக்கம் முந்திக்கொள்ளும். குளத்தில் இறங்கி இதைச் செய்யவே கூடாது.

கண்ணீர் வந்தால் வரட்டும். துடைக்கக்கூட வேண்டாம். ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று பாடிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே என்று கண்ணை இறுக்கிக்கொள்வது என்ன நியாயம்?

பசி ஏமாற்றும். தினமும் எட்டரைக்குச் சாப்பிடுபவருக்கு எட்டரைக்குப் பசி ஹார்மோன் ஏறும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். சஷ்டி விரதத்தில் இரண்டாம் நாள் பத்து மணிக்குப் பசி காணாமல்போவதற்கு இதுதான் காரணம். வள்ளுவர் இரண்டு அடையாளம் கேட்கிறார்: முன்பு உண்டது அற்றிருக்க வேண்டும், ‘துவரப் பசித்து’, அதாவது நன்றாகப் பசித்து, இருக்க வேண்டும். ஏப்பத்தில் காலை சாம்பார் வாசம் வருகிறதென்றால் முதல் நிபந்தனையே தேறவில்லை. விரதத்தில் கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை பூத்து, பேச்சு தடுமாறினால் அது பசி இல்லை, சர்க்கரை இறங்குவது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் அந்த நொடியே விரதத்தை முடிக்க வேண்டும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மார்பில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை. இதை ‘பிராண ஓட்டம்’ என்று உட்கார்ந்திருப்பவரும் உண்டு, ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்து ஏப்பத்துக்குக் காத்திருப்பவரும் உண்டு. இதற்கு இரண்டு நிமிடச் சோதனை கிடையாது. 108.

தாகமும் வயதானால் நம்பிக்கைக்கு உரியதில்லை. அறுபது, எழுபதைத் தாண்டியவர்களுக்கு உடம்பு வறண்ட பிறகும் தாகம் தோன்றாமல் இருக்கலாம். சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சள் சரி, அடர் மஞ்சள் என்றால் குடிக்க வேண்டும்.

குரலே கொடுக்காதவையும் இருக்கின்றன. ரத்த அழுத்தம் 160-க்குப் போனாலும் பலருக்கு ஒரு தலைவலிகூட வராது. ‘என் உடம்பு எனக்குத் தெரியும்’ என்பவருக்கும் இது தெரியாது, கருவியால்தான் தெரியும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்கட்டும். முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை இதயத்தின் மட்டத்தில் மேஜைமேல் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிரம்பிய பை அந்த எண்ணையும் கூட்டிக் காட்டும்.