பி.ஏ. வரலாறு: மனப்பாடம் போதாத இடங்கள்

'கதை மாதிரி படித்துவிடலாம்' என்ற நினைப்போடு பி.ஏ. வரலாற்றில் சேர்கிறவர்கள் நிறைய. முதல் செமஸ்டர் அந்த நினைப்புக்கு இடம் கொடுத்தும் விடும். இரண்டாம் ஆண்டில்தான் சிக்கல் தொடங்குகிறது. சோழரும் முகலாயரும் ஐரோப்பாவும் ஒரே செமஸ்டரில் வரும்போது ஆண்டுகளும் பெயர்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். படித்தும் மதிப்பெண் வராததற்கு ஞாபகக் குறைவை மட்டும் குறை சொல்ல முடியாது. 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்காமல் படித்திருப்பார்கள்.

அதற்கு முன் கேள்வித்தாளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. அந்த 75 பொதுவாகப் பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண், மூன்று பத்து மதிப்பெண் என்று பிரியும் (உங்கள் பல்கலைக்கழகத்தில் மாறலாம், சிலபஸின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்). ஐந்து மதிப்பெண் கேள்விகள் யூனிட்டுக்கு ஒன்றாக 'அ அல்லது ஆ' என்று வரும். பத்து மதிப்பெண் பகுதியில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும். ஆகவே பத்து மதிப்பெண்ணுக்கு மட்டும் பார்த்தால் இரண்டு யூனிட்டை விடலாம், ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்றைக்கூட விட முடியாது. 'மூன்று யூனிட் போதும்' என்று முழு யூனிட்டையே தள்ளிவைப்பவர்கள் ஐந்து மதிப்பெண் பகுதியில் பத்து மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள்.

மூன்று மணி நேரத்தை இப்படிப் பங்கிடலாம்: இரண்டு மதிப்பெண்ணுக்கு மூன்று நிமிடம், ஐந்துக்குப் பன்னிரண்டு, பத்துக்கு இருபத்தைந்து. கடைசியில் கால் மணி நேரம் மிஞ்சும். தெரிந்த பத்து மதிப்பெண் கேள்வியை ஆறு பக்கம் எழுதிவிட்டுக் கடைசிக் கேள்வியை அரைப் பக்கத்தில் முடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆறாவது பக்கத்துக்கு யாரும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை.

இனி விடைக்கு வருவோம். 'சோழர் கால உள்ளாட்சி' என்ற கேள்வி வராத ஆண்டு குறைவு. ஜெராக்ஸ் நோட்ஸை மட்டும் படித்தவர் 'சோழர் காலத்தில் கிராம சபைகள் சிறப்பாகச் செயல்பட்டன, குடவோலை முறை இருந்தது' என்று தொடங்கி அதையே மூன்று பக்கத்துக்கு நீட்டுவார். ஆதாரத்தோடு படித்தவர் முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் தொடங்குவார். அவனுடைய 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், பொறிக்கப்பட்டவை அவை. 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), ஒவ்வொன்றிலும் ஓலை எழுதிக் குடத்தில் இடுதல், சம்வத்சர வாரியத்துக்கு (ஆண்டுக் குழுவுக்கு) 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. போட்டியிடுபவருக்கு வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி அன்றைய நில அளவு) மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. முதல் கல்வெட்டின் விதிகளை இரண்டாவது திருத்துகிறது என்ற ஒரு வரி சேர்ந்தால், அந்த முறை நடைமுறையில் இடறியிருக்கிறது என்பதும் விளங்கும். அடுத்து வரம்பையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர், அதன் அவையின் பெயர் 'சபை'. வேளாளர் ஊர்களில் 'ஊர்', வணிகர் ஊர்களில் 'நகரம்' என்று வேறு அவைகள் இருந்தன. சோழ நாடு முழுக்கக் குடவோலைத் தேர்தல் நடந்தது என்று எழுதினால், விஷயம் தெரிந்த பேராசிரியர் அங்கேயே சிவப்புக் கோடு போட்டுவிடுவார்.

ஒவ்வொரு தலைப்புக்கும் இந்த மாதிரி ஒரு பக்கம் தயாரித்து வையுங்கள்: ஆதாரம் எது, அது எப்போதையது, என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை. நாலாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

அசோகர் கல்வெட்டுகளுக்கான மேப்பிலும் இது உதவும். தௌலி, ஜௌகடா இரண்டும் இன்றைய ஒடிசாவில், பழைய கலிங்கத்தில், இருக்கின்றன. கலிங்கப் போரின் துயரத்தைச் சொல்லும் 13ஆம் பாறைக் கட்டளை அங்கே பொறிக்கப்படவில்லை. 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு இரண்டு தனிக் கட்டளைகளை வைத்தார்கள். தோற்ற மக்களிடம் போரைப் பற்றி அரசு பேசவில்லை. இதைக் குறிப்பிட்டால் விடை கைடிலிருந்து வந்ததல்ல என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

ஆண்டுகளைப் பொறுத்தவரை பட்டியலாக உருப்போடுவது வீண். சங்கிலியாகப் படியுங்கள்: 1799இல் திப்பு வீழ்கிறார், குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைக்கிறார்கள், அதே ஆண்டு கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்படுகிறார், 1801இல் மருது சகோதரர்கள், 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி. புதிய தலைப்பாகை உத்தரவை மட்டும் காரணமாக எழுதுவது ஏன் போதாது என்பது இந்த வரிசையிலேயே புரிந்துவிடும்.

ஆண்டு மாற்றும் கணக்கு தனியாகக் கைவசம் இருக்கட்டும். சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825. விக்ரம ஆண்டிலிருந்து 57 கழியுங்கள். இவை ஜனவரியில் தொடங்காதவை, எனவே ஓராண்டு முன்பின் வரும். ஆட்சியாண்டில் இன்னொரு பொறி உண்டு. முதலாம் ராஜேந்திர சோழன் தனியாட்சிக்கு வந்தது 1014, ஆனால் அவனுடைய ஆட்சியாண்டுகள் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கிய 1012இலிருந்து எண்ணப்படுகின்றன.

பலரும் பயப்படும் தாள் வரலாற்று வரைவியல், அதாவது வரலாற்றை யார் எப்படி எழுதினார்கள் என்பது. பெயர்களை மட்டும் அடுக்கிப் படித்தால் அது தலையில் நிற்காது. ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு யார் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். சோழ அரசு எப்படிப்பட்டது? நீலகண்ட சாஸ்திரிக்கு அது வலுவான அதிகார வர்க்கம் கொண்ட மைய அரசு. பர்ட்டன் ஸ்டைன் அதை மறுத்து, 'நாடு' எனப்பட்ட வட்டாரப் பிரிவுகளே உண்மையான அதிகார மையங்கள், மன்னனுடையது பெரும்பாலும் சடங்குத் தலைமை என்றார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணி, வகைப்படுத்தி ஸ்டைனுக்குப் பதில் சொன்னார்கள். இந்த மூன்று நிலைகளும் புரிந்தால் பாதித் தாள் முடிந்த மாதிரி.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் இருந்தால் 'இந்திய விடுதலைப் போரில் பெண்கள்' போன்ற தலைப்பை எடுக்காதீர்கள். நாற்பது பக்கத்தில் அது விக்கிபீடியாச் சுருக்கமாகத்தான் முடியும். உங்கள் தாலுகாவில் ஒரு கோயில், ஒரு ஏரி, ஒரு வாரச்சந்தை போதும். கோயில் என்றால் அதன் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். அச்சாகாத கல்வெட்டை நீங்களே படிக்க முயல்வது இளங்கலையில் வேண்டாத வேலை. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஆங்கிலேயர் கால ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். அங்கே போகும் முன் துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரியைப் பற்றி எழுதுபவர்கள் கிராமக் கணக்குகளில் பசலி ஆண்டைத்தான் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) பார்ப்பார்கள். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை எந்த ஆண்டினது என்று கிடைக்கும்: பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை.