ஐஸ் பெட்டிக்குள் வெந்நீர்ப் போத்தல்

அக்லாவிக்கிலிருந்து இனுவிக்குக்குச் சாமான் வாங்கப் போகும் நாளில் வண்டியில் முதலில் ஏறுபவை மூன்று பெரிய ஐஸ் பெட்டிகள். ரொறன்ரோவில் இருந்தபோது கோடைக்காலத்தில் பூங்காவுக்குக் குளிர்பானம் கொண்டுபோன அதே பெட்டிகள்தான். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள இந்த ஊருக்கு ஆசிரியையாக வந்த பிறகு, வாங்கிய மரக்கறி உறைந்துவிடாமல் வீடு வந்து சேர்வதற்காக அவற்றைப் பயன்படுத்துகிறேன்.

மெக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில், பீல் என்ற கிளையாற்றின் கரையில் இருக்கும் அக்லாவிக்கில் ஏறத்தாழ அறுநூறு பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலானோர் க்விச்சின், இனுவியாலுயிட் என்ற பூர்வகுடி மக்கள். வெள்ளமும் கரையரிப்பும் ஊரை அழித்துவிடும் என்று கருதிய அரசு, 1950களில் கழிமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் இனுவிக் என்ற புதிய நகரத்தைக் கட்டி எல்லோரையும் அங்கே குடிபெயரச் சொன்னது. பலர் போகவில்லை. ஊர் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. நகரத்துக்கென்று கட்டப்பட்ட கடைகளும் மருத்துவமனையும் இனுவிக்கில் இருக்கின்றன. அங்கே போகக் கோடையில் படகு, ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் விமானம் மட்டும். ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, உறைந்த ஆற்றுக் கிளைகளின் மேல் சுமார் 120 கிலோமீட்டர் நீளும் பனிக்கட்டிப் பாதையில் வண்டி ஓட்டிப் போகலாம்.

இந்தப் பாதையைப் போடுவது என்பது பெரும்பாலும் பனித்தூவலை வழித்து அகற்றுவதுதான். தூவல் ஒரு போர்வை. அது மூடியிருக்கும்வரை கீழே உள்ள பனிக்கட்டி மெதுவாகவே தடிக்கும். அகற்றிவிட்டால் குளிர் நேரே இறங்கும். தடிப்பு கூடக்கூட அனுமதிக்கப்படும் எடையும் கூடும். வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: பாரமான வண்டி ஓடும்போது பனிக்கட்டி சற்றே அமிழ்ந்து, அடியில் உள்ள நீரில் ஓர் அலை கிளம்புகிறது, அந்த அலை கரையில் மோதித் திரும்பும் இடத்தில்தான் விரிசல் விழும். முதல் தடவை அந்த விரிசலின் ஓசை, தூரத்து வெடிபோல, என் காலடியில் கேட்டபோது நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். வண்டியை ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "சத்தம் போடுகிற பனிக்கட்டி உயிரோடு இருக்கிறது, டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

சென்ற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வெப்பநிலை -38 பாகையில் நின்றபோது கிளம்பினோம். இரவு முழுவதும் மின்கம்பியில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருக்காவிட்டால் அது உயிர்பெற்றிருக்காது. பதினொரு மணி கடந்த பிறகே சூரியன் தலைகாட்டியது. இங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் பிற்பகல் இரண்டு மணியளவில் வருகிறது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஒரு மாதம் சூரியனே எழாத ஊருக்கு அந்தச் சிறு வெளிச்சமும் தாராளம்.

கடையில் பொருளைத் தெரிவதைவிட அதை வண்டிவரை கொண்டுசேர்ப்பதே எனக்குக் கடினமாக இருக்கிறது. வாசலிலிருந்து வண்டிக்கு ஐம்பது அடி. அதற்குள் வாழைப்பழத்தோல் கறுக்கத் தொடங்கிவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தாமல், பழத்தைக் கம்பளிச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். அரிசி, பருப்பு, மா, இறைச்சி எல்லாம் திறந்த பின்தட்டில் போகலாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, பச்சை மிளகாய், பால் ஆகியவற்றுக்குச் சூடான முன்னறையில் இடம். கோப்பிக் கடையில் நிரப்பிய வெந்நீர்ப் போத்தல்களைத் துவாயில் சுற்றி ஐஸ் பெட்டிகளின் அடியில் வைத்து, மேலே மரக்கறியை அடுக்கிப் போர்வையால் மூடுவோம். மிஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள். முந்திய ஆண்டு விவரம் தெரியாமல் பத்துக் கிலோ உருளைக்கிழங்கைப் பின்தட்டில் ஏற்றியவள் நான். வீட்டில் இளகியபோது அவை கறுத்து, இனித்து, கையில் பிசுபிசுத்தன. அந்தக் கறியை ஒரு வாரம் சாப்பிட்டோம், வேறு வழியில்லாததால்.

ஊரில் யாரும் தமக்காக மட்டும் நகரத்துக்குப் போவதில்லை. கிளம்பும் முன் நாலு வீட்டிலாவது கேட்க வேண்டும். கேட்காமல் போனால் திரும்பி வரும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எதிர்வீட்டுப் பாட்டி தேயிலையும் தோடம்பழமும் மட்டும் கேட்டிருந்தார். இரவு எட்டு மணிக்கு அவர் கதவைத் தட்டிப் பையைக் கொடுத்தபோது, வண்டிக் கதவோரம் ஒட்டிக் கிடந்த இரண்டு பழங்கள் கல்லாகியிருந்ததைக் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் இரண்டையும் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார்; கல்லில் கல் மோதியதுபோல் ஒலித்தது. "இவை பேரனுக்கு, சுரண்டித் தின்பான்" என்று வெளி வராந்தாவிலேயே வைத்துவிட்டு, அங்கே தொங்கிய உலர்ந்த மீனில் பாதியை முறித்து என் கையில் தந்தார்.