படகில் வந்த பூர்வகுடிகள்

யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்ற சண்டை நம்மூர் இணையத்தில் ஓய்ந்ததே இல்லை. இரண்டு தரப்புக்கும் அளவுகோல் ஒன்றுதான்: முதலில் வந்தது யார்? அந்த அளவுகோலோடு நியூசிலாந்துக்குப் போனால் திருதிருவென முழிக்க வேண்டியதுதான்.

மாவோரிகள் அந்நாட்டின் பூர்வகுடிகள், அதில் பெரிதாகச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களின் முன்னோர் அங்கே போய் இறங்கியதே 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான், அதாவது தஞ்சைப் பெரிய கோயில் எழும்பி இருநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. வந்தவர்கள் என்பதை அவர்கள் மறைப்பதும் இல்லை. சபையில் எழுந்து பேசுகிறவர் முதலில் தன் மலையை, ஆற்றை, முன்னோர் ஏறி வந்த படகைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் தன் பெயருக்கே வருவார். தைனுய் என்ற படகைக் காஃபியா துறைமுகத்தருகே புதைத்ததாகச் சொல்லி, முன்முனைக்கு ஒன்று பின்முனைக்கு ஒன்று என இரண்டு கல் நட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, ஐஸ்லாந்தைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் நார்வேக்காரர்கள் குடியேறியபோது சில ஐரிஷ் துறவிகளைத் தவிர அங்கே ஆளே கிடையாது. காலி நிலத்தில் மாவோரிகளுக்கு வெகுகாலம் முன்பே குடியேறியவர்கள், ஆனாலும் அவர்களை யாரும் பூர்வகுடி என்பதில்லை. டென்மார்க் அரசர்கள் அவர்களை ஆண்டார்கள்தான், ஆனால் டேனியர்கள் கூட்டங்கூட்டமாக வந்து நிலத்தைப் பிடுங்கவில்லை. மாவோரிகளுக்கு அதுதான் நடந்தது: 1840இல் பிரிட்டிஷ் அரசோடு வைதாங்கி உடன்படிக்கை, 1860களில் போர், நிலப் பறிமுதல், அப்புறம் பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி.

என் கணக்கில் விஷயம் இரண்டு. மாவோரி என்றொரு இனம் படகிலிருந்து இறங்கவில்லை. இறங்கியவர்கள் பொலினீசியர்கள், அந்தக் குளிரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு கெடாமல் குழிவெட்டிக் காத்து, அந்த ஊர் மலைக்கும் ஆற்றுக்கும் உறவு சொல்லி, மாவோரி ஆனது அங்கேதான். இரண்டாவது, அப்படி ஆனபிறகு வேறொரு அரசு வந்து தலைமேல் உட்கார்ந்தது. 2007இல் ஐ.நா.வின் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் பூர்வகுடி யார் என்று வரையறுக்காமலே விட்டதும் நல்லதுதான். வருஷக் கணக்கில் அடங்குகிற சமாச்சாரமா இது?

‘முதலில் வந்தது யார்’ வாதத்தை நியூசிலாந்தில் கையில் எடுத்தவர்களே கடைசியாக வந்தவர்கள்தான். மாவோரிகளுக்கு முன்பே மொரியோரிகள் அங்கே இருந்தார்கள், மாவோரிகள்தான் அவர்களை விரட்டினார்கள் என்று வெள்ளையர் ஒரு கதை கட்டிப் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்தார்கள். நிஜத்தில் மொரியோரிகளும் பொலினீசியர்களே, தூரத்துச் சாத்தம் (Chatham) தீவுகளில் தனி இனமாக உருவானவர்கள். 1835இல் இரண்டு மாவோரிக் குலங்கள் அங்கே படையெடுத்துப் போய்க் கொன்றதும் அடிமைப்படுத்தியதும் உண்மை. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. 1870இல் நில வழக்கு வந்தபோது நீதிமன்றம் ஒன்றைத்தான் பார்த்தது: 1840இல் நிலம் யார் கையில் இருந்தது? ஏறக்குறைய எல்லா நிலத்தையும் படையெடுத்தவர்களுக்கே எழுதிக் கொடுத்தது. மொரியோரிகளிடம் அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுக்கச் சட்டம் வந்தது 2021இல்தான். தொகை 1.8 கோடி நியூசிலாந்து டாலர்.