அது வேற, இது வேற

"டிரெசர், பொண்ணுக்கு ஸ்டீராய்டு போடணுமாம். நீங்கதானே டிங்கிக்கு அது ஆகவே ஆகாதுன்னு சொன்னீங்க? இப்ப நான் சரிங்கவா, வேணாங்கவா?"

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பெரியவர் கேட்டார். (டிரெசர் என்றால் அந்தக் காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். எங்கள் பக்கத்துத் தோட்டத்து வயதானவர்களுக்கு, அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற நானும் டிரெசர்தான்.) நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். "அது வேற, இது வேற. டாக்டர் சொல்றதுக்குச் சரின்னு சொல்லுங்க" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சொன்னது உண்மைதான். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிங்கி (டெங்கு) பற்றி நான் பேசப் போனால் பாடம் ஒன்றேதான்: காய்ச்சலுக்குப் பனடால், நிறையத் தண்ணீர், புரூஃபன் மாதிரி வலி மாத்திரை வேண்டாம், ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். டிங்கியில் ஸ்டீராய்டால் பலன் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வயிற்றில் ரத்தக் கசிவு, சர்க்கரை ஏற்றம் என்று தொல்லைதான் கூடும்.

அவர் மகளுக்கு வந்ததும் டிங்கிதான், அதைக் காட்டும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். தினமும் வந்து ரத்தம் கொடுத்தாள். சாதாரணமாக ஏழு நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிடும். விடுகிற நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்து, அதற்காகவே தினமும் வரச்சொல்கிறோம். அவளுக்கு ஒன்பதாம் நாளும் 39 டிகிரி. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஏறவில்லை, ஹீமோகுளோபினும் இறங்கியது, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டது. மெடிக்கல் ஆபீசர் உடனே அனுப்பிவிட்டார். அங்கே ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச் சத்தைச் சேர்த்துவைக்கும் புரதம்) அளவு பார்த்தார்கள். சாதாரண டிங்கியிலேயே அது 500-ஐத் தாண்டுவதுண்டு. இவளுக்கு 10,000-க்கும் மேல். எச்எல்எச் என்றார்கள். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு அணுக்கள் அடங்காமல் சொந்த ரத்த அணுக்களையே விழுங்குகிற நிலை. எட்டு அடையாளங்களில் ஐந்து இருந்தால் அந்தப் பெயர். அபூர்வம்தான், ஆனால் விட்டுவைத்தால் ஆளைக் கொல்லும். அதை அடக்கத்தான் டெக்ஸாமெத்தசோன். அதாவது நான் ஊர் ஊராக வேண்டாம் என்று சொன்ன அதே ஸ்டீராய்டு.

இத்தனையையும் போனில் விளக்கியிருக்க முடியுமா? விளக்கியிருந்தால் அவர் யோசிப்பார், மச்சானைக் கேட்பார், கோயிலில் பூ போட்டுப் பார்ப்பார். அதற்கெல்லாம் நேரமில்லை. என்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை அவசரத்துக்குச் செலவழித்தேன், அவ்வளவுதான். சில நாள் இந்தச் சமாதானம் எடுபடுகிறது. சில நாள், அவர் கேட்டது நியாயமான கேள்வியாயிற்றே, அதற்குப் பதில் சொல்லாமல் வாயை அடைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பெண் பிழைத்தாள். மறுபடி ஃபேக்டரிக்குப் போகிறாள். பெரியவர் டீக்கடையில் சொல்கிறார்: "பப்பாளி இலை, நண்டு சூப்பு எதுக்கும் கேக்கல. டிங்கியைச் சாய்ச்சது ஸ்டீராய்டுதான்." அவர் கண்ணால் கண்டது அதுதான். ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கியது. அவரிடம் போய் அது பொய் என்று எப்படிச் சொல்வது?

போன மாதம் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். காய்ச்சல் மூன்றாம் நாள். அந்த ஊசியைப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "அவரு மகளுக்கு மட்டும் எப்படி?" என்றார். 'அது வேற' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, இந்த முறை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப இவனுக்கும் ஒன்பது நாள் ஆனா போடுவீங்கதானே?" என்றார்.

இப்போது தோட்டத்துப் பேச்சில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஏழு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால், அல்லது விட்டுத் திரும்பினால், உடனே வாருங்கள். ஸ்டீராய்டு பெயரை எடுப்பதில்லை. எடுத்துத்தான் ஆகவேண்டும், ஊரே பேசுகிறது என்கிறார் மெடிக்கல் ஆபீசர். எடுத்தால் மற்றதை விட்டுவிட்டு ஊசியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போவார்கள் என்பது என் பயம். அடுத்த பேச்சு பெரியவருடைய தோட்டத்தில். அவர் முன்வரிசையில்தான் உட்காருவார், சும்மாவும் இருக்கமாட்டார்.