பாட்னர் எண்ட ஒரு சொல்லு

போன மாரிக்க நடந்தது இது. தங்கச்சிட மாப்பிள்ளை, என்ட மச்சான், மூண்டு வருசமா ஃபோன் ஆப்ல ஒடர் எடுக்கிற ஒரு கொம்பெனிக்கு மோட்டபைக்ல சாப்பாடு டெலிவரி செய்றான், அண்டைக்கு ராவு காத்தான்குடியில ஒரு கடையில கொத்து எடுத்துக்கொண்டு அரசடிக்கு வாற நேரம், கல்லடிப் பாலம் ஏறுறதுக்கு முன்னால ரோட்டுல நிண்ட தண்ணிக்குள்ள பள்ளம் தெரியாம முன் சில்லு இறங்கி ஆள் விழுந்துத்தான். வலது மணிக்கட்டு முறிஞ்சி போச்சு. எக்சிலேட்டர் புடிக்கிற கை, முன் பிரேக் புடிக்கிற கை, எல்லாம் அதுதானே.

ஆசுப்பத்திரிக்கு நான் போய்ச் சேரக்குள்ள கைய பலகையில வெச்சுக் கட்டியிருந்தாங்க. என்னக் கண்டதும் அவன் கேட்டது நோவுக்கு மருந்தில்ல, "மச்சான், ஜெர்க்கின் பொக்கட்டுக்குள்ள காசு கிடக்கு, இண்டைக்கே போட்டுடணும்." அண்டைக்கு கேஷ் ஒடர்ல சேர்ந்த காசு 6,350 ரூபா, கொம்பெனிக்குப் போக வேண்டியது. ராவைக்குள்ள பேங்க் மிசின்ல போடல்ல எண்டா ஒடர் எடுக்கிற ஐடி லொக் ஆகிரும். தங்கச்சி அந்தத் தாளெல்லாத்தையும் வீட்டுல பேப்பர் விரிச்சி ஃபேனுக்குக் கீழ காய வெச்சவள், ஈரத்தாள மிசின் எடுக்காது, ரெண்டு தரம் வெளிய தள்ளிப்போட்டுதாம், மறுகா வந்து ஸ்திரிக்கைப் பெட்டிய மெல்லமா வெச்சி எடுத்துக்கொண்டு போய் பதினொண்டரைக்குப் போட்டுத்து வந்தாள். புள்ளைக்கு ஒரு வயசு, அதையும் தூக்கிக்கொண்டு.

அடுத்த நாள் நான் கொம்பெனிக்குக் கோல் எடுத்துக் கதைச்சன். பொடியன் ஒருத்தன் மரியாதையாத்தான் கதைச்சான், அவனில எனக்குக் கோவமில்ல. "அண்ணன், அவர் எங்கட ஊழியர் இல்ல, பாட்னர், ஒப்பந்தத்தில இருக்கு." ஒப்பந்தம் எண்டது ஃபோன்ல ஐ அக்ரி எண்டு அமத்தினது, முழுக்க இங்கிலீஷ், அதுல சுயாதீன ஒப்பந்தகாரர் எண்டு எழுதியிருக்கு. பைக் அவன்ட, லீசிங் அவன்ட தலையில, பெற்றோல் அவன்ட. ஆனா எந்த ஒடருக்கு எவ்வளவு எண்டு முடிவெடுக்கிறது அவனில்ல, ஒடர நாலஞ்சி தரம் வேணாமெண்டா மறுகா ஒடர் வாறது குறையும், ஸ்டார் குறைஞ்சா ஐடி போகும், ஏன் போனது எண்டு கேக்க ஒரு கந்தோர் கூட இஞ்ச இல்ல. வியாபாரத்தில பாட்னர் எண்டா வெல சொல்ல அவனுக்கும் ஒரு வாய் இருக்கணும். இவனுக்கு இல்ல.

நான் டவுனுக்க ஒரு ஹார்ட்வெயார் கடையில பதினாறு வருசமா நிக்கிறன். மாசம் மாசம் சம்பளத்தில 8 வீதம் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப், ஓய்வுக்காலத்துக்குச் சேர்ற காசு) வெட்டுப்படும், முதலாளி 12 வீதம் போடுவார், அதுக்கு மேல நம்பிக்கை நிதிக்கு (ஈடிஎஃப்) 3 வீதம் அவர்ட கையால. 30,000 சம்பளமெண்டா 2,400 என்ட, 3,600 அவர்ட, மறுகா 900. இலங்கையில இந்தச் சட்டங்கள் புதுசில்ல, சேமலாப நிதி 1958, நம்பிக்கை நிதி 1980. வேலையில அடிபட்டா நட்டஈடு குடுக்கணும் எண்ட சட்டம் 1934ல, வெள்ளக்காரன் காலத்தில வந்தது. கடையில என்ட கால்ல ஒரு கம்பிக்கட்டு விழுந்தா எனக்கு அது இருக்கு. மச்சான் நல்ல மாசத்தில என்ன விடக் கூட உழைக்கிறவன், ஆனா அவன்ட பேர்ல ஒரு சதம் எங்கயும் சேரல்ல. பைக்குக்கு இருக்கிற தேட்பாட்டி இன்சூரன்ஸ் மத்தவனுக்கு அடிபட்டாத்தான், ஓடினவன்ட கைக்கு அதுல ஒண்டும் இல்ல.

சில பேர் சொல்லுவாங்க, ஒடர் கணக்குக்குக் காசு வாங்கிறவனுக்கு எப்பிடி சேமலாபம் எண்டு. அது பிழை. துண்டுக் கணக்கு, கொமிசன், தற்காலிகம், எதுவா இருந்தாலும் ஊழியர் எண்டா சேமலாப நிதி உண்டு. பிரச்சினை அந்த "ஊழியர்" எண்ட சொல்லுலதான், அதத்தான் "பாட்னர்" எண்டு மாத்திப்போட்டு முழுக் கதவையும் சாத்தி வெச்சிருக்காங்க.

வெளிநாட்டுல இது கோட்டு வரைக்கும் போயிருக்கு. இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2021ல ஊபர் டிரைவர்மார் வேர்க்கர்தான், குறைஞ்ச சம்பளமும் லீவுக் காசும் குடுக்கணும் எண்டு சொன்னது. அதே கோட்டு 2023ல டெலிவரூ எண்ட கொம்பெனிக்கு சாப்பாடு டெலிவரி செய்றவங்கட விசயத்தில மற்றப் பக்கம் போயித்து, அவங்களுக்குப் பதிலா வேற ஆள அனுப்பலாம் எண்டு ஒப்பந்தத்தில இருந்ததாம், அந்த ஒரு வரிதான் பெரிய காரணம். ஸ்பெயின் 2021ல சட்டமே போட்டு டெலிவரி ஆக்கள் ஊழியர்தான் எண்டு வெச்சித்து. எனக்குப் புடிச்சது சிங்கப்பூர்க் கதை. 2025 ஜனவரி 1ல இருந்து அங்க ஊழியருமில்ல, தனிய உழைக்கிறவனுமில்ல எண்டு நடுவுல ஒரு வகை, வேலையில அடிபட்டா ஊழியருக்குக் குடுக்கிற அதே நட்டஈட்ட கொம்பெனி குடுக்கணும், 1995லயும் அதுக்குப் புறகும் பிறந்தவங்களுக்கு சேமலாபத்துக்கும் கொம்பெனி போடணும். இந்தியாவில 2020ல எழுதின சட்டத்தில கொம்பெனி வருச வருமானத்தில 1 தொடக்கம் 2 வீதம் இப்பிடி ஓடுற ஆக்கள்ட சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்டணும் எண்டு இருக்கு.

ஏன் நடுவகை புடிச்சிருக்கு எண்டா மச்சானே சொன்னான், "காலம எட்டுக்கு வா எண்டு கட்டிப்போட்டா எனக்குச் சரிவராது." வேளாண்ம வெட்டுற மாசம் படுவான்கரைக்குப் போயிருவான், அப்பாட வயல். அது அவனுக்கு வேணும். கேட்ட நேரம் ஓடுறதுக்கும் கை முறிஞ்சா பாக்கிறதுக்கும் ஏன் ஒண்ட விட்டுத்தான் ஒண்டு எண்டு இருக்கணும்?

நம்மட நாட்டுல முதலாளி இல்லாத ஆக்களுக்கும் யோசிச்சிருக்காங்க. விவசாயிக்கு ஓய்வூதியச் சட்டம் 1987ல, மீன்புடிக்கிறவருக்கு 1990ல, மறுகா 1996ல வந்த சமூகப் பாதுகாப்புச் சபையில சுயதொழில் செய்றவரும் சேரலாம். மச்சானையும் அதுல சேரச் சொல்லித்தான் அரசாங்கக் கந்தோர்ல சொன்னாங்க. சேரட்டும், நல்லது. ஆனா அதுல போடுற காசு முழுக்க அவன்ட. விவசாயிட நெல்லு இண்டைக்கு ஒருத்தனுக்கு, நாளைக்கு இன்னொருத்தனுக்கு, அவனுக்குப் பங்கு போட ஆளில்ல. இவன்ட ஒவ்வொரு ஒடர்லயும் கொமிசன் எடுக்க ஒரு ஆள் இருக்கு. எடுக்கிற கை கொஞ்சம் போடவும் வேணும், நான் கேக்கிறது இவ்வளவுதான்.

ஆறு கிழமை பிளாஸ்டர். லீசிங்க்காரன் ரெண்டு தரம் வீட்டுக்கு வந்தான், தங்கச்சிட சங்கிலி அடகுக்குப் போச்சு, இன்னும் மீளல்ல. மணிக்கட்டு முழுசாக் கிறுகுதில்ல, பிரேக்க ரெண்டு விரலால புடிக்கிறான்.

டெலிவரி ஓடுற பொடியன்மார் இப்ப சீட்டு மாதிரி ஒண்டு தொடங்கியிருக்காங்க, பதினாறு பேர், மாசம் 500 ரூபா, அடிபட்டவனுக்கு. கணக்குக் கொப்பி என்ட கையில, கடையில பில் எழுதுற மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. ரெண்டாம் மாசமே நாவற்குடாப் பொடியன் ஒருத்தன் நாய் குறுக்கால பாஞ்சி விழுந்துத்தான், 16,000 இருந்தது, அப்பிடியே குடுத்தாச்சு. கொப்பியில இப்ப மீதி சைபர், வாற ஒண்டாந் தேதி திரும்ப எடுக்கணும்.