உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்

“பல்லை விட்டா வாய் தெறந்துக்கும் மேடம்” என்று அந்தப் பெண் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்ததாகத்தான் நினைவு. ஆனால் வாயை 27 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க முடியாமல் வந்தவர் அவர். வாய்விட்டுச் சிரித்திருக்க முடியாது. சிரித்தது நான் மட்டும்தானோ என்னவோ.

ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற வேலை. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு வேனில் போய்வருபவர். காதுவலி என்று சொட்டு மருந்து விட்டு, பிறகு கடைவாய்ப்பல் என்று எக்ஸ்ரே எடுத்து, கடைசியில் என்னிடம் வந்தார். தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருப்பதால் பலருக்கும் இந்தச் சுற்று நடக்கத்தான் செய்கிறது. நெஞ்சுவலியும் சில சமயம் தாடையில் இறங்கும் என்பதால் படியேறினால் வலி கூடுகிறதா, வியர்க்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். இல்லை. கன்னத்தில் விரலை வைத்து “கடிம்மா” என்றதும் விஷயம் தெரிந்துவிட்டது. தசை புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக உருண்டு நின்றது.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்பல்லும் தொடக் கூடாது. உதடு சேர்ந்திருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும். ‘ன’ சொல்லும்போது நாக்கு நுனி எங்கே ஒட்டுகிறதோ, சும்மா இருக்கும்போது அங்கேயே இருக்கட்டும். வெந்நீர்த் துணியால் பத்து நிமிடம் ஒத்தடம். முறுக்கு, கரும்பு, ஒரு பக்கமாகவே மெல்லுவது வேண்டாம். நூலைப் பல்லால் கடித்து அறுக்கக் கூடாது. (கத்தரி இருக்கிறதாம். பல் சீக்கிரமாம்.) கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்தேன். சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரோக்கபாடோ வகுத்தவை: ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு தடவை, நாளைக்கு ஆறு வேளை. “ஆறு வேளையா? பாத்ரூம் போறதுக்கே கேட்டுக்கினுதான் போவணும் மேடம்” என்றார். சரி, காலையில், டீ நேரத்தில், ராத்திரி என்று மூன்றாகக் குறைத்தோம். ரோக்கபாடோ எங்கள் ஊர் லைனில் உட்கார்ந்து தைத்ததில்லையே.

அப்புறம்தான் அந்தப் பேச்சு. எப்போது பல்லைக் கடிக்கிறாய் என்று கேட்டேன். பீஸ் கணக்கு குறைந்தால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பாராம். பேசுவாராம். “எங்கம்மாவும் பல்லக் கடிச்சிக்கினு இருன்னுதான் சொல்லுது, வேன்ல வர்றவங்களும் அதான் சொல்றாங்க. நீங்க மட்டும் விடச் சொல்றீங்க.” அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, எனக்குக் கைவந்த வைத்தியம் ஒன்றைச் சொன்னேன்: மெஷினில் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொள், பார்க்கிறபோதெல்லாம் பல்லை விடு.

நாலு வாரத்தில் 39 மில்லிமீட்டர் திறந்தது. காதுவலி போய்விட்டது. ‘க்ளிக்’ சத்தம் மட்டும் லேசாக இருந்தது. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை என்று அனுப்பிவைத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்.

இரண்டு மாதம் கழித்து அவர் கழுத்துவலியோடு வந்தார். கம்பெனியை விட்டாயிற்று, இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, குனிந்த தலை நிமிர்வதில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். “பொட்டைப் பாத்தேன், பல்லை விட்டேன். அன்னிக்கு அந்தாளு பின்னாடியே நின்னாரு. வாயும் தெறந்துக்கிச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

நான் பேசச் சொல்லவில்லை, பல்லைத்தான் விடச் சொன்னேன். இதை எனக்குள் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன். தசை தசைதான், அதற்குச் சூப்பர்வைசரைத் தெரியாது. ஆனால் அந்த உருண்டை எதற்காக அங்கே நின்றது என்று அவர் தெளிவாகச் சொன்னார். பாடத்தில் ‘பழக்கம்’ என்று படித்ததால் நானும் பழக்கம் என்றே எழுதிக்கொண்டேன். அவருக்கு அது வேலை. சில நாள் தோன்றும், பேசியது நல்லதுதானே, யாராவது ஒருநாள் பேசத்தானே வேண்டும் என்று. சம்பளம் போனது எனக்கில்லை, அதனால் அப்படித் தோன்றுவது சுலபம். வலி குறைந்தது பயிற்சியாலா, பேசியதாலா என்றும் பார்த்தேன். தேதிப்படி வலி போனது முதலில், வேலை போனது அப்புறம். அதைக் கேஸ் ஷீட்டில் இரண்டு தடவை சரிபார்த்தேன். எதற்காகச் சரிபார்த்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

அன்றைக்குத் தாடையையும் அளந்தேன். 41. நன்றாக இருக்கிறது என்றேன், வேறென்ன சொல்ல. முறத்தை மடியில் வைக்காமல் தலையணை போட்டு உயர்த்தி வைத்துக்கொள், முகவாயை இப்படி உள்ளே இழு, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நட என்றேன்.

“இதுக்கும் பொட்டு ஒட்டணுமா மேடம்?”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. வேண்டாம்மா என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.