சாயப் பட்டறைக்குள் நுழையக் கேட்ட இரண்டு பெண்கள்

துணி அச்சிடும் ஆலைகளில் டிசைனராக வேலை பார்க்கும் எனக்கு, ரஷ்ய நவீன ஓவியம் என்றதும் நினைவுக்கு வருவது ஓவியர் மாலேவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’ என்ற பெயர்பெற்ற ஓவியம் இல்லை. லியுபோவ் போபோவா, வர்வாரா ஸ்தெபானோவா என்ற இரண்டு பெண் ஓவியர்கள்தான். 1921இல் மாஸ்கோவில் நடந்த ‘5×5=25’ கண்காட்சியின் ஐந்து ஓவியர்களில் மூன்று பேர் பெண்கள்: இந்த இருவரும் அலெக்சாந்திரா எக்ஸ்தரும். நன்றாகப் பெயர் வாங்கியிருந்த நேரத்தில் இந்த இருவரும் சட்டமிட்ட ஓவியத்தை விட்டுவிட்டு, 1923 வாக்கில் மாஸ்கோவின் முதல் அரசுத் துணி அச்சு ஆலைக்கு டிசைன் போட வந்தார்கள்.

பூப்போட்ட சீட்டித் துணி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் வட்டமும் கோடும் முக்கோணமும் வந்தன. பெரும்பாலும் இரண்டு மூன்று நிறங்கள்தான். எளிதான வேலை என்று தோன்றும். அது அப்படி இல்லை என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பூ டிசைனில் ரிப்பீட், அதாவது திரும்பத் திரும்ப வரும் டிசைன் துண்டு, சேரும் இடம் கொஞ்சம் பிசகினால் ஒரு இலையைப் போட்டு மறைத்துவிடலாம். கோட்டில் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் முழுத் துணியும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்தெபானோவா வரைந்த சுமார் 150 டிசைன்களில் 20க்குச் சற்று மேல்தான் அச்சுக்குப் போயின.

ஆனால் அந்த டிசைன்களைவிட, அவர்கள் ஆலை நிர்வாகத்துக்குக் கொடுத்த கோரிக்கை மனுதான் எனக்குப் பெரிது. அதில் அவர்கள் கேட்டது இதுதான்: உற்பத்தித் திட்டத்தில் எங்களுக்கும் ஓட்டு வேண்டும். சாய ஆய்வகத்தில் நிறம் உருவாவதைப் பார்க்க வேண்டும். தையலகங்களோடு தொடர்பு வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சாயப் பசை கலக்கும் அறையான கலர் கிச்சனுக்குள் வரலாமா என்று கேட்டதற்கு “அது உங்க வேலை இல்லம்மா” என்றார்கள். அடுத்த ஆலையில் விட்டார்கள். நூலோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயத்தின் பசையில் நாம் பார்க்கும் நிறம் வேறு, நீராவியில் வேகவைத்து அலசியபின் வரும் நிறம் வேறு என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அதன்பிறகு நான் நிறம் தேர்வு செய்யும் முறையே மாறிவிட்டது.

போபோவா 1924 மே மாதம், 35 வயதில், ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனார். சில நாள் முன்புதான் அவருடைய சிறு மகனும் அதே காய்ச்சலில் போயிருந்தான். தன் துணியை ஒரு குடியானவப் பெண் சட்டைக்கு வாங்குவதைப் பார்த்ததுபோல் வேறெதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை என்று அப்போது எழுதினார்கள். அப்புறம் ஸ்தெபானோவா மாஸ்கோவின் வ்ஹுதெமாஸ் கலைப் பள்ளியில் துணி டிசைன் கற்பித்தார். தெருவில் மக்கள் உடுத்தும் துணிகளைப் பார்த்துக் குறிக்க, மாணவர்கள் ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய பாடத்திட்டத்தில் இருந்தது. எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளையும் நான் அப்படி ஒரு நோட்டு வாங்கச் சொல்கிறேன்.